காடாத் துணியில் மூன்றே நிறங்கள்: கறையின் விளிம்பை எப்படி அடக்குவது?

கேள்வி

மொரிசியசில் கியூர்பிப்பில் வசிக்கிறேன். பூச்சு எதுவும் இடாத காடாத் துணியைத் தரையில் விரித்து, அவுரி நீலம், காவிச் சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று வண்ணங்களை மட்டும் கொண்டு அரூப ஓவியங்கள் வரைந்து வருகிறேன். நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தை ஊற்றினால் சில இடங்களில் அது துணிக்குள் இறங்காமல் முத்துமுத்தாக நிற்கிறது; வேறு இடங்களில் நான் நினைத்த எல்லையைத் தாண்டி ஓடிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்துக்கு மாறியபோது ஒவ்வொரு கறையைச் சுற்றியும் மஞ்சள் வளையம் படிந்தது. முதலில் வெள்ளைப் பூச்சு இடச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் நிறம் நூலுக்குள் ஊறும் அழகே போய்விடுமே?

மறுமொழி 1

பூச்சு வேண்டாம், அம்மா. நெசவுக்காகப் பாவு நூலில் ஏற்றிய கஞ்சி துணியில் தங்கியிருப்பதால்தான் வண்ணம் இறங்க மறுக்கிறது. வெந்நீரில் சோப்பிட்டுத் துவைத்து, துணி சுருங்கி முடித்த பிறகே சட்டத்துக்கு அளவெடுங்கள்.

எண்ணெயைக் கைவிடுங்கள். அமெரிக்க அரூப ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் 'மலைகளும் கடலும்' ஓவியத்தை, டர்பென்டைனில் நீர்த்த எண்ணெய் வண்ணத்தைப் பூச்சற்ற துணியில் ஊற்றித்தான் வரைந்தார். நீங்கள் சொல்லும் வளையம் அதிலும் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும்போது பருத்தி இழையையும் நாளடைவில் நொறுங்கச் செய்யும். பின்னாளில் அவரே அக்ரிலிக்குக்கு மாறினார்.

விளிம்பு வேண்டிய கோட்டில் மட்டும், பளபளக்காத வகை அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேர்க்காத அக்ரிலிக் பசை) தண்ணீர் கலந்து தீட்டி உலரவிட்டால், வண்ணம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் சற்றுக் கருத்துத் தெரியும் என்பதால் துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள்.

மறுமொழி 2

துணியில் சாயத்தால் சித்திரம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பது நினைவுக்கு வருகிறது. பாலின் கொழுப்புதான் அங்கே சாயம் படராமல் காக்கிறது. கியூர்பிப்பின் ஈரத்தில் பாலைத் தொடாதீர்கள், பூசணம் பிடித்துவிடும். ஈரம் குறைந்த போர்ட் லூயியில் இருக்கும் எனக்கே ஓவியங்களைச் சுருட்டி வைக்கப் பயம்.

ஆனால் எல்லா விளிம்புகளையும் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. துணியை முன்பே நனைத்துவிட்டால் கறை மென்மையாகக் கரையும். உலர்ந்த துணியில் அது ஓரளவு தெளிவாக நிற்கும். ஒரே ஓவியத்தில் இரண்டும் இருக்கட்டும். வெள்ளை வண்ணத்தை வாங்கவே வேண்டாம், தீட்டாமல் விட்ட காடாவின் பழுப்பே உங்களுக்கு வெளிச்சம். நீலம் நன்றாக உலர்ந்த பிறகு காவியை ஊற்றினால் இரண்டும் தனித்தனியே தெரியும். ஈரத்தில் ஊற்றினால் சேறுதான்.

கேள்வி கேட்டவர்

துவைத்த தண்ணீர் கஞ்சிக் கலங்கலாக வந்தது. இப்போது நீலம் உடனே இறங்குகிறது. கறுப்பை மட்டும் இன்னும் ஊற்றத் துணியவில்லை.