தனி அலுவலர் ஆட்சியே மேல்னு எழுதினவருக்கு: ரெண்டாவது கையெழுத்து எங்க?

அரூர் கணக்கர் (2025 ஆகஸ்ட் 16)
தளிக்காரன் நேத்து போட்ட பதிவைப் பாத்தேன். "தலைவர் இல்லாத இந்த ஏழு மாசமா ஊராட்சி வேலை சுளுவா நடக்குது, செக்குல துணைத்தலைவர் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்க வேணாம்"னு எழுதியிருக்கார். கேக்கிறவன் கேனையன்னா கேப்பையில நெய் வடியுமாம். ஊராட்சிப் பணம் எடுக்கற செக்குல தலைவரோட துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும், அதுதான் நான் கேக்கற ரெண்டாவது கையெழுத்து.

2020 ஜனவரி 6-ல பொறுப்பேத்த ஊராட்சித் தலைவர், உறுப்பினருங்க காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் அந்தக் கணக்குலதான் வருது. அதுக்கப்புறம் மன்றத்துக்குப் பதிலா வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ.தான் தனி அலுவலர். தீர்மானம் போட வேண்டிய மன்றமும் அவரே, அதை நிறைவேத்தற தலைவரும் அவரே. தணிக்கை பண்ற துணை பி.டி.ஓ.வுக்கும் அதே ஒன்றிய ஆபீஸ்லதான் நாற்காலி. இதுல தடுக்கறது யாரு?

தளிக்காரன்
வந்துட்டார்யா வாத்தியார். துணைத்தலைவர் கையெழுத்துன்னா என்னன்னு தெரியுமா? மோட்டார் கருகிப் போய் கிடக்கும். செக் எழுதி ரெடியா இருக்கும். அவரு போனை அணைச்சுட்டு உக்காந்திருப்பாரு. தனக்கு என்னன்னு முடிவான பிறகுதான் பேனா திறக்கும். டேங்க் ஆபரேட்டர் சம்பளம் மாசக்கணக்குல தொங்கும். இதுக்குப் பேரு தடுப்பா?

அரூர் கணக்கர்
அதுக்கும் சட்டத்துலயே வழி இருக்கு. துணைத்தலைவர் போட மறுத்தா, மன்றத்துல தீர்மானம் வெச்சு வேற வார்டு உறுப்பினருக்குச் செக் பவர் கொடுக்கலாம். அதுவும் நடக்கலன்னா கலெக்டர் ஊராட்சிச் சட்டம் 203-ஆம் பிரிவுல தலையிடலாம். வழியே இல்லாத மாதிரி எழுதாதீங்க.

தலைவரை ஜனங்க நேரா தேர்ந்தெடுக்கறாங்க. துணைத்தலைவரை வார்டு உறுப்பினருங்க தேர்ந்தெடுக்கறாங்க. ரெண்டு பேரும் வேற வேற வழியில வர்றதாலதான் அந்த ரெண்டாவது கையெழுத்துக்கே மதிப்பு. இப்ப பி.டி.ஓ.வோட சேர்ந்து கையெழுத்து யாரு போட்டாலும் அவர் ஓட்டு வாங்கி வந்தவர் இல்ல. மறுபடி கேக்கறேன், ரெண்டாவது கையெழுத்து எங்க?

மொரப்பூர் சந்தை
கணக்கரே, ரெண்டு கையெழுத்து இருந்தப்ப மட்டும் என்ன கிழிஞ்சுது? செக் புக் மொத்தத்துலயும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி பீரோவுல பூட்டினதில்லையா? தீர்மானப் புத்தகத்துல கடைசிப் பொருளுக்குக் கீழ அஞ்சாறு வரி காலியா விட்டு, உறுப்பினர் கையெழுத்தைப் பக்கத்தோட அடியில வாங்குவாங்க. அப்புறம் அந்தக் காலி இடத்துல போர்வெல் ஏறும், எல்.இ.டி. விளக்கு ஏறும். நிதிக்குழு மானியத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து வந்தப்ப சரியாகும்னாங்க. அந்தக் கையெழுத்துப் போடற டோங்கிள் கருவியும் பின் நம்பரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மேசை டிராயர்ல கிடந்தா அது யாரோட கையெழுத்து?

தளிக்காரன்
👏👏 இப்ப பதில் சொல்லுங்க கணக்கரே. தணிக்கைக்கு மாவட்டத்துல தனியா உதவி இயக்குநர் இருக்கார், அதையும் மறைக்காதீங்க.

அரூர் கணக்கர்
உதவி இயக்குநர் எப்ப வருவார்? பணம் போன பிறகு. நான் கேக்கறது பணம் போறதுக்கு முன்னாடி. காலி வரி விட்டா, அதைப் பாத்து "இது அன்னிக்குப் பேசலியே"ன்னு சண்டை போட ஒரு வார்டு உறுப்பினராவது இருந்தார். இப்ப அந்தப் புத்தகத்துல சண்டை போட யாரு இருக்காங்க?

சூளகிரி சுடர்
கிராம சபை இருக்கே. வருஷத்துக்கு ஆறு. நேத்துகூட நடந்துதே.

அரூர் கணக்கர்
நல்லா கேட்டீங்க. தர்மபுரியில 251 ஊராட்சி, 10 ஒன்றியம். ஒரு பி.டி.ஓ. தலையில சராசரியா 25. உங்க கிருஷ்ணகிரியில 333, அதே 10 ஒன்றியம், தலைக்கு 33. ஆகஸ்ட் 15 ஒரே நாள். 33 ஊர்லயும் ஒரே ஆள் எப்படி உக்காருவார்? கூட்டத்தை நடத்த அனுப்பற பற்றாளரும் ஊராட்சிச் செயலரும் வாசிப்பாங்க. வரவு செலவைக் கேள்வி கேட்டா "மேலிடத்துல சொல்றோம்"பாங்க. 500 பேருக்கு மேல 3,000 வரைக்கும் உள்ள ஊருக்குக் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்ல வரவேண்டிய குறைஞ்ச ஆள் கணக்கு, கோரம்) 100 பேர். நோட்டுல 100 கையெழுத்து இருக்கும், மர நிழல்ல எத்தனை தலைன்னு எண்ணிப் பாருங்க.

தளிக்காரன்
"உங்க கிருஷ்ணகிரி"யா? 2004-ல பிரிஞ்சு போனதுலருந்து உங்களுக்கு வயித்தெரிச்சல். மாங்கூழ் விலை பத்தின இன்னொரு திரியிலயும் இதே பேச்சுத்தான். போன தடவை தேர்தலை நிறுத்தினது கோர்ட்டுதானே? 2016 அக்டோபர் 4-ல ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு, பழங்குடியினர் ஒதுக்கீடு சரியில்லன்னு. அதுக்கு பி.டி.ஓ. என்ன பண்ணுவார்?

அரூர் கணக்கர்
ரத்து பண்ணின அதே ஐகோர்ட் எத்தனை தடவை கெடு வெச்சுதுன்னும் எழுதுங்க. கடைசியில நடந்தது 2019 டிசம்பர்ல. மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர். நடுவுல மத்திய நிதிக்குழு மானியமும் நின்னுது, தேர்ந்தெடுத்த மன்றம் இல்லன்னு காரணம் சொன்னாங்க. அரசியலமைப்பு 243 E பிரிவு தெளிவா சொல்லுது: அஞ்சு வருஷம் முடியறதுக்கு முன்னாடி தேர்தல். 2006-ல கிஷன்சிங் தோமர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஒதுக்கீடு, வார்டு வரையறை எல்லாம் அஞ்சு வருஷத்துக்குள்ள முடிக்க வேண்டிய வேலை. எந்தக் கட்சி உக்காந்தாலும் இதே சாக்கு.

மொரப்பூர் சந்தை
கட்சியை இழுக்காதீங்க, திரி பூட்டிடுவாங்க.

சூளகிரி சுடர்
333-ங்கறது பழைய கணக்கு இல்லையா? சில ஊராட்சியை ஓசூர் மாநகராட்சியோட சேர்க்கறதா பேச்சு இருக்கே.

அரூர் கணக்கர்
பேச்சு வேற, அரசாணை வேற. 33-க்குப் பதிலா 30-ன்னே வெச்சுக்குங்க. ஒரே நாள்ல 30 ஊருக்குப் போவாரா?

தளிக்காரன்
போகட்டும், போகாம இருக்கட்டும். எங்க ஒன்றியத்துல தெருவிளக்கு எரியுது. மின் கட்டணத்துக்கும் குடிநீருக்கும் இருக்கிற 2-ஆம் நம்பர் கணக்குல பாக்கி இல்ல. உங்க துணைத்தலைவர் காலத்துல இருந்துதா?

அரூர் கணக்கர்
2-ஆம் கணக்குல மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும்தான் பணம் போகும், அதுல யாரு ஆட்சியிலயும் பெரிசா விளையாட முடியாது. நான் கேட்டது 1-ஆம் கணக்கு. பொது நிதி. அதுல ரெண்டாவது கையெழுத்து எங்க?

தளிக்காரன்
மாங்கூழ் திரியில நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. முதல்ல அதைச் சொல்லுங்க, பிறகு 1-ஆம் கணக்குக்கு வரலாம்.

அரூர் கணக்கர்
அங்க நீங்க கேட்டது டன் விலை. இங்க நான் கேக்கறது யாரோட பேனா. நாளைக்கும் கேப்பேன்.