பச்சைக்கல் வீட்டை இடிக்கலாமா?

புதுக்கோட்டை வேலு: தாத்தா கட்டிய ஓட்டு வீடு. சூளையில் சுடாத, வெயிலில் காயவைத்த பச்சைக்கல் சுவர், ஒன்றரை அடி கனம். அப்பா இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. மே மாதத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

செல்வி: இடியுங்கள். மண் வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன். ஐப்பசி அடைமழையில் வடக்குச் சுவரின் அடி ஊறிப்போய், விரல் பட்டாலே உதிரும். ஒவ்வொரு தையிலும் அம்மாவும் நானும்தான் செம்மண் குழைத்து அப்பிச் சாணம் மெழுகுவோம். குளுமை வீட்டுக்கே, வேலை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

கொத்தனார் மகன்: அக்கா, குற்றம் கல்லில் இல்லை. அடியில் இரண்டடி கருங்கல் கட்டி, இறவாரத்தை நன்றாக வெளியே இறக்கினால் சுவர் ஊறாது. ஏமனில் ஷிபாம் நகரத்தின் மண்கல் வீடுகள் பல 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஏழு மாடி வரை உண்டு!

செல்வி: அது பாலைவனத்து ஊர் தம்பி. அங்கேயே 2008 வெள்ளத்தில் சேதம்.

அன்வர்: ஈரானின் பாம் நகரத்தையும் நினையுங்கள். 2003 டிசம்பர் 26 விடியற்காலை நிலநடுக்கம், 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மண் சுவர் விழுந்தால் மூச்சுவிட இடுக்கு இருக்காது, புழுதியே ஆளை அடைத்துவிடும்.

கொத்தனார் மகன்: மறுக்கவே முடியாது. நிலம் ஆடும் ஊரில் வெறும் பச்சைக்கல்லை நம்பக் கூடாது. பெரு நாட்டில் சுவரின் இரு பக்கமும் வலை கட்டிப் பூசும் முறையைச் சோதித்துப் பழகியிருக்கிறார்கள். வேலு, உங்கள் சுவரின் அடி எப்படி?

புதுக்கோட்டை வேலு: கருங்கல்தான். ஆனால் பத்து வருடம் முன்பு வெளியே சிமெண்ட் பூசினோம். இப்போது தட்டினால் பொள்ளென்று கேட்கிறது. ஓர் இடத்தில் பெயர்ந்தது, பின்னால் மண் ஈரமாக இருந்தது.

கொத்தனார் மகன்: அதுதான் வினை. கீறலில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. பூச்சைக் கொத்தி எடுத்து ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம் கரைந்த இடத்தை மண்ணாலேயே அடைத்து, சுண்ணாம்புப் பூச்சு. இடிப்பதைப் பிறகு பேசலாம்.

செல்வி: சரி, வருடா வருடம் மண் குழைப்பது வேலுவும் அப்பாவும் என்றால் வீடு நிற்கட்டும். அம்மா தலையில் கட்டுவதாக இருந்தால் இந்தக் கோடையிலேயே இடித்துவிடுங்கள்.