மேட்டில் ஏறாத மோட்டார் வண்டி: அவசர உதவி தேவை

இரும்புக்குதிரை: வணக்கம். நானே வெல்டிங் வைத்துச் செய்த நான்கு சக்கர வண்டி. சமதளத்தில் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஓடுகிறது. மேடு வந்தால் நின்றுவிடுகிறது, மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. நாளை மறுநாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

நட்டும்போல்ட்டும்: என்ன மோட்டார்? எத்தனை வோல்ட்? மொத்த எடை? செயின் ஓடும் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) எத்தனை பல்?

மின்னல்: பேட்டரிதான் காரணம். எனக்கும் இதே கதை. ஏறும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் பாருங்கள், சட்டென்று விழும்.

இரும்புக்குதிரை: பேட்டரி புதுசு. மோட்டார் 24 வோல்ட், 250 வாட்.

காற்றழுத்தம்: டயரில் காற்று எவ்வளவு? பிரேக் உரசுகிறதா? சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பழைய பட்டறை: வருகிறவர்கள் எல்லோரும் மோட்டாரை மாற்றத்தான் கேட்கிறார்கள். பல்சக்கரமும் ஒரு நெம்புகோல்தான்; பள்ளிக்கூடத்தில் படித்த அதை ஒருமுறை நினைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பல் கணக்கைச் சொல்லுங்கள், மற்றதை நான் சொல்கிறேன்.

இரும்புக்குதிரை: மோட்டாரில் 11, பின் அச்சில் 44. மோட்டார் 2650 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்னையும் சேர்த்து 120 கிலோ. பத்தடிக்கு ஓரடி ஏறும் மேடு.

நட்டும்போல்ட்டும்: இப்போது புரிகிறது. 250 வாட், 2650 சுற்று என்றால் மோட்டார் தரும் டார்க் (சுழற்றும் விசை) சுமார் 0.9 நியூட்டன் மீட்டர். 44ஐ 11ஆல் வகுத்தால் 4, எனவே உங்கள் செயின் அதை 4 மடங்காக்குகிறது, 3.6. சக்கரத்தின் ஆரம் 0.2 மீட்டர், எனவே தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 18 நியூட்டன்தான். டயர் உருளும் தடைக்கே கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும், அதனால்தான் சமதளத்திலும் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அந்த மேட்டுக்கு மட்டும் 118 நியூட்டன் வேண்டும். இரண்டும் சேர்ந்து 135க்கு மேல். விகிதம் 4 போதாது, 30 பக்கம் வர வேண்டும். வேகம் மணிக்கு 6, 7 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் ஏறும்.

மின்னல்: அப்படியானால் வோல்ட்டேஜ் ஏன் விழுகிறது?

நட்டும்போல்ட்டும்: மோட்டார் சுற்றும்போது கரண்ட்டை மட்டுப்படுத்தும் ஒரு எதிர் வோல்ட்டேஜ் அதிலேயே உருவாகும்; நின்றுபோனால் அது உருவாகாது. கரண்ட் எகிறும், பேட்டரி தொய்யும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பேட்டரியை மாற்றினால் மோட்டார் இன்னும் சீக்கிரம் வெந்துவிடும்.

காற்றழுத்தம்: சின்னச் சக்கரம் போட்டால்?

பழைய பட்டறை: விட்டம் 20 ஆனால் விசை 36. கணக்கைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். இழுவைக்கு டார்க்தான் வேண்டும், வாட் வேகத்துக்கு. இதைத்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நட்டும்போல்ட்டும்: அங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். டார்க்கைப் பல் மாற்றிப் பெருக்கிக்கொள்ளலாம், வாட்டை எந்தப் பல்லாலும் பெருக்க முடியாது. அதே மேட்டை எவ்வளவு சீக்கிரம் ஏறுவது என்பதை முடிவு செய்வது வாட்தான்.

பழைய பட்டறை: அப்புறம் லாரி எஞ்சினுக்கு ஏன் டார்க்கைச் சொல்கிறார்கள்?

நட்டும்போல்ட்டும்: குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க் கிடைத்தால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், அதற்காக. அங்கேயும் கியர்பாக்ஸ் இருக்கிறதே.

பழைய பட்டறை: பட்டறையில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். இதற்கு மேல் வாதம் வேண்டாம்.

மின்னல்: மேட்டில் நின்றால் வண்டி பின்னால் உருளுமே, பிரேக் இருக்கிறதா?

இரும்புக்குதிரை: நடுவில் ஒரு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வைத்து 9க்கு 54, அடுத்து 11க்கு 54 பல் என்று இரண்டு செயினாக மாற்றிவிட்டேன், மொத்தம் சுமார் 29 மடங்கு. ஏறுகிறது. நடக்கும் வேகம்தான், சூடு பரவாயில்லை. எல்லோருக்கும் நன்றி.

மின்னல்: பிரேக்?

நட்டும்போல்ட்டும்: நல்லது. இரண்டாவது செயினில்தான் இழுவை அதிகம், நடு ஷாஃப்டின் பேரிங்கை நன்றாக இறுக்குங்கள். ஏறும்போது எத்தனை ஆம்பியர் என்று பார்த்தீர்களா?