இந்த மழைக்கு நீங்க எடுத்ததுல ரொம்ப பிடிச்ச படம் எது, எப்படி எடுத்தீங்க?

மாடவீதி (சென்னை)

வணக்கம் மக்களே. வெயில் காலத்துல மெட்ராஸ்ல காலைல எட்டு மணிக்கே வானம் வெளுத்துப் போயிடும், எதை எடுத்தாலும் மூஞ்சில பாதி நிழல் பாதி வெள்ளை. இந்த வடகிழக்கு பருவமழை நேரத்துல மட்டும்தான் மத்தியானம் கூட ஒழுங்கான வெளிச்சம் கிடைக்குது. அதனால கேட்கறேன், இந்த மழைல எடுத்ததுல உங்களுக்கு மனசுக்கு பிடிச்ச ஒரே ஒரு படம் போடுங்க. வெறும் செட்டிங்ஸ் மட்டும் எழுதிட்டு ஓடாதீங்க, எங்க நின்னீங்க, எதுக்கு வெயிட் பண்ணீங்க, ஃப்ரேம்ல எது வரக்கூடாதுன்னு பார்த்தீங்க, அதையும் சொல்லுங்க. மொபைலா கேமராவான்னு சண்டை மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

முதல்ல என்னோடது. கபாலீஸ்வரர் கோவில் கிழக்கு கோபுரம், சன்னதி தெருல தேங்கி நின்ன தண்ணிக்குள்ள. ராத்திரி பூரா கொட்டிட்டு விடியறப்போ விட்டுச்சு. கிழக்கு பார்த்த கோபுரம், காலை வெயில் நேரா அது மேல விழும், சாயங்காலம் போனா சூரியன் பின்னாடி போயிடும் வெறும் கருப்பாதான் வரும், அதனால ஆறரைக்கெல்லாம் அங்க இருந்தேன். கோபுரம் 120 அடி, தண்ணியோ ஒரு பாய் அகலம் கூட இல்ல. நின்ன வாக்குல பார்த்தா அதுல ஒரு துண்டு வானமும் கரண்ட் கம்பியும்தான் தெரியும். போனை தலைகீழா திருப்பி, லென்ஸ் இருக்கற முனை தண்ணிய தொட்டும் தொடாம இருக்கற அளவுக்கு கீழ கொண்டு போங்க, அதே குட்டைக்குள்ள கலசம் வரைக்கும் வந்துடும். 0.5 வைட் போடல, போட்டா கோபுரம் பின்னாடி சாயற மாதிரி ஆயிடும், 1 எக்ஸ்லயே வச்சு நான்தான் பின்னாடி தள்ளிப் போனேன். ஸ்க்ரீன்ல கோபுரத்தை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸ் லாக் பண்ணிட்டு அந்த சூரியன் ஐகானை கீழ இழுத்து கொஞ்சம் இருட்டாக்கினேன், இருட்டை அப்புறம் எடிட்ல தூக்கிக்கலாம், வெளுத்துப் போன வானத்தை தூக்க முடியாது. ஒரு ஆட்டோ போனா தண்ணி அடங்கவே ஒரு நிமிஷம் ஆகுது. பூக்கூடையோட ஒரு அம்மா குட்டைய தாண்டினாங்க, அந்த நேரத்துக்கு பட்டனை விடாம அழுத்திட்டேன், கால் தரைல படாத ஃப்ரேம் எதுன்னு பார்த்து அதை மட்டும் வச்சுக்கிட்டேன்.

கொய்யா இலை (பொள்ளாச்சி)

அருமைங்க. அந்த கரண்ட் கம்பி எப்படி ஃப்ரேம்ல இல்லாம போச்சுன்னு கேட்கலாம்னு இருந்தேன், கீழ போனதும் மறைஞ்சிருச்சு போல.

என்னோடது மழை விட்ட காலைல தோட்டத்து கொய்யா மரத்துல எடுத்ததுங்க. முதல் பார்வைக்கு முசுறு எறும்புன்னு தான் நினைப்பீங்க. நல்லா பாருங்க, அது சிலந்திங்க. முசுறு மாதிரியே வேஷம் போட்டு அதுங்க கூட்டத்துக்கு பக்கத்துலயே திரியுற குதிக்கற சிலந்தி. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி எறும்போட உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கிட்டே நடக்கும், ஆனா மூஞ்சிக்கு நேர் எதிர்ல போய் பார்த்தா முன்னாடி ரெண்டு பெரிய கண்ணு ஹெட்லைட் கணக்கா நிக்கும், எறும்புக்கு அப்படி இருக்காது. இதுல ஆண் சிலந்திக்கு தாடை ரொம்ப நீளம், பார்த்தா ஒரு எறும்பு இன்னொரு எறும்பை கவ்விட்டு போற மாதிரியே இருக்கும், படத்துல இருக்கறது ஆண் தான்.

மேக்ரோ லென்ஸ் எல்லாம் இல்லீங்க. பழைய கேனான் பாடி, 50 எம்எம் 1.8 லென்ஸ், அதை ரிவர்ஸ் ரிங் போட்டு திருப்பி மாட்டியிருக்கேன். திருப்பி மாட்டினா கிட்டத்தட்ட நிஜ சைஸ் அளவுக்கு சென்சார்ல விழும். ஒரு சிக்கல் என்னன்னா லென்ஸுக்கு கரண்ட் போகாது, அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையற ஓட்டை, முழுசா திறந்து 1.8லயே நிக்கும், அதுல எடுத்தா கண்ணு ஷார்ப்பா இருந்தா கால் எல்லாம் கரைஞ்சு போயிடும். அதுக்கு ஒரு வழி இருக்குதுங்க, லென்ஸை முதல்ல நேரா மாட்டி அப்பர்ச்சரை எஃப் 8ல, அதாவது ஓட்டையை சின்னதா வச்சு, பாடில டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவ்யூ பட்டன் ஒண்ணு இருக்கும், அதை அழுத்திட்டே லென்ஸை கழட்டுங்க, அப்படியே எஃப் 8ல நின்னுக்கும். அப்புறம் வியூஃபைண்டர் இருட்டா இருக்கும், பழகிடும்.

ஃபோகஸ் ரிங்கை திருப்பியும் பிரயோஜனம் இல்ல, உடம்பைதான் முன்ன பின்ன ஆட்டணும். லென்ஸுக்கும் இலைக்கும் நடுவுல மூணு நாலு விரல் இடம்தான் இருக்கும், மூச்சு பட்டாலே சிலந்தி நூலை விட்டுட்டு கீழ குதிச்சிடுது. ஃப்ளாஷ் மேனுவல்ல 1/16 பவர், முன்னாடி வெள்ளை தெர்மகோல் ஷீட் மெலிசா வெட்டி ஒட்டியிருக்கேன், அது இல்லைன்னா ஈர இலை மேல ஃப்ளாஷ் பளிச்சுன்னு அடிச்சு படமே கெட்டுடும். ஷட்டர் 1/160 செகண்ட், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற அளவு) 200. இன்னொண்ணு, முசுறு கூடு இருக்கற கிளைல கை வைக்காதீங்க, நெஜ முசுறு கடிச்சா சும்மா விடாது.

பண்ணைக்காற்று (யாழ்ப்பாணம்)

கொய்யா இலை அண்ணை, உந்தச் சிலந்தி இஞ்சை எங்கடை வீட்டு மாமரத்திலையும் நிக்குது எண்டு நினைக்கிறன், நாளைக்குப் போய்ப் பாக்கோணும்.

என்ரை படம் பண்ணைப் பாலத்தடியிலை பின்னேரம் எடுத்தது. கடல் அதிலை முழங்காலளவு தண்ணிதான், மீன்பிடிக்க நட்டு வச்ச கம்புகள் வரிசையா தூரம் வரைக்கும் போகும். அண்டைக்கு மேற்கிலை பெரிய மழை முகில் நிண்டது, அதுக்குக் கீழை ஒரு கோடு மட்டும் செம்மஞ்சளா வெளிச்சம். சாதாரணமா எடுத்தா சின்ன அலையெல்லாம் விழுந்து கம்பு எது தண்ணி எது எண்டு பிரிச்சுத் தெரியாது, அதாலை 10 ஸ்டொப் என்டி பில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, போட்டு எடுத்தனான். கணக்கு லேசு, 10 ஸ்டொப் எண்டால் வெளிச்சம் ஆயிரத்திலை ஒரு பங்கு ஆகும், பில்டர் இல்லாமல் ஷட்டர் 1/60 செக்கன் காட்டினது, அப்ப போட்ட பிறகு ஏறத்தாள 17 செக்கன். தண்ணி முழுக்க மெழுகிவிட்ட தரை மாதிரி ஆகீட்டுது, கம்புகள் மட்டும் கறுப்பாய் நிக்குது.

பில்டரைப் போட்டால் கமராவுக்கு ஒண்டும் தெரியாது, அதாலை முதல் போகஸ் பண்ணி, பிறகு மனுவலுக்கு மாத்திப்போட்டுத்தான் பில்டரைப் பூட்ட வேணும். வியூபைண்டரையும் ஒரு துணியாலை மூடுங்கோ, டிஎஸ்எல்ஆர் எண்டால் பின்னாலை இருந்து வெளிச்சம் பூந்து படத்துக்கு நடுவிலை கறை மாதிரி விழும். காத்து பேய்க்காத்து, ட்ரைபொட்டிலை பையைத் தொங்கவிட்டால் ஆடாது எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனால் காத்திலை பை ஆடினால் அது இன்னும் மோசம், பை நிலத்திலை கொஞ்சம் முட்டிக்கொண்டு நிக்கோணும். இடப்பக்கம் நாலாவது கம்பிலை ஒரு நீர்க்காகம் செட்டை விரிச்சுக் காயப்போட்டுக்கொண்டு இருந்தது, 17 செக்கனும் உடம்பு அசையேல்லை, தலையை மட்டும் திருப்பீட்டுது, அதாலை தலை இல்லாத காகம் மாதிரி விழுந்திருக்கு. வேறை ப்ரேம் தலையோடை இருக்கு, ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

மொட்டைமாடி (திருச்சி)

தலையில்லாத நீர்க்காகம் செம ப்ரோ.

நான் மின்னல் எடுத்தேன். எங்க வீட்டு ஜன்னல்ல இருந்து மலைக்கோட்டை தெரியும், ராத்திரி உச்சிப்பிள்ளையார் கோவில் லைட் எரிஞ்சுட்டு இருக்கும், அதுக்கு பின்னாடி மூணு மின்னல். பேர்தான் மொட்டைமாடி, எடுத்தது ரூம்குள்ள இருந்து, இடி இடிக்கும்போது மாடில ட்ரைபாடை நட்டு வச்சு பக்கத்துல நிக்கற வேலை வேண்டவே வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எண்ணி மூணால வகுத்தா எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும், எனக்கு பதினைஞ்சு செகண்ட் கிட்ட வந்துச்சு, அதாவது அஞ்சு கிலோமீட்டர். அதுவே வெளிய நிக்கற அளவுக்கு தூரம் கிடையாது.

நிறைய பேரு மின்னலை பார்த்ததும் அமுக்கணும்னு நினைக்கறாங்க, முடியாது. ஷட்டரை திறந்து வச்சுட்டு மின்னல் வர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் வழி. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 செகண்ட், கன்டினியூவஸ்ல போட்டு ரிமோட் பட்டனை லாக் பண்ணிட்டேன், அது பாட்டுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு எடுத்துட்டே இருக்கும், நான் டிபன் சாப்பிட்டேன். மின்னல் நொடில அடிச்சு போயிடறதால அது எவ்வளவு பிரகாசமா விழும்ங்கறதை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான் முடிவு பண்ணும், ஷட்டர் இல்ல. ஷட்டரை கூட்டினா ஊர் வெளிச்சம்தான் கூடும். ஸோ மின்னல் வெளுத்துப் போனா எஃப் 11 போங்க, மலைக்கோட்டை இருட்டா இருந்தா செகண்டை கூட்டுங்க. ஃபோகஸ் தூரத்து லைட் ஒண்ணுல மேனுவலா வச்சுடுங்க, ஜன்னல் கண்ணாடிய திறந்துடுங்க, ரூம் லைட்டையும் அணைச்சுடுங்க.

கறார் பேர்வழி

ஒரு கேள்வி பாஸ். மூணு மின்னலும் ஒரே ஃப்ரேம்லயா, இல்ல ஒட்டினதா?

மொட்டைமாடி (திருச்சி)

ஸ்டாக்தான் ப்ரோ. மூணு ஃப்ரேமை லேயரா போட்டு லைட்டன் மோட்ல, அதாவது எந்த ஃப்ரேம்ல வெளிச்சம் அதிகமோ அது மட்டும் தெரியற மாதிரி, சேர்த்தது. கேமரா அசையல, அதே இடம், அதே புயல், ஒரு அரை மணி நேரத்துக்குள்ள.

கறார் பேர்வழி

அப்போ அதை படத்துக்கு கீழ போட்டுடுங்க. தப்புன்னு சொல்லல, ஆனா பார்க்கறவன் மூணும் ஒரே அடில அடிச்சதுன்னு தானே நினைப்பான். வேற ஊர் வானத்தை வெட்டி ஒட்டற கூட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

பண்ணைக்காற்று (யாழ்ப்பாணம்)

எனக்கு இதிலை பிரச்சினை தெரியேல்லை. நான் 17 செக்கன் திறந்து வச்சதும், அவர் அரை மணித்தியாலத்தைச் சேர்த்ததும் ஒண்டுதானே. ஆனா எழுதிப்போடுறது நல்லதுதான்.

தொளிவயல் (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சிமாரு எல்லாம் பெரிய பெரிய வேலையா பாத்திருக்கீங்க, நம்மது வயக்காட்டு படம். பிசான நெல்லுக்கு தொளி அடிச்சிட்டு, அதாவது வயல சேறாக்கிட்டு இருந்தாங்க, டிராக்டர் பின்னாடியே உண்ணிக்கொக்கு ஒரு படை. சேறு பிரளும்போது புழு பூச்சி தவளையெல்லாம் மேல வருதுல்லா, அதுக்குத்தான் இந்த கூட்டம். 70-300 லென்ஸ், 300ல, எஃப் 5.6, ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ ஆட்டோ. மேகமூட்டம்ங்கறதால ஐஎஸ்ஓ 1000 பக்கம் போச்சு, கொஞ்சம் நாய்ஸ் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

இதுல முக்கியமானது என்னன்னா கொக்கு வெள்ளை, சேறு கருப்பு. கேமரா சேத்தை பாத்துட்டு இருட்டா இருக்குன்னு வெளிச்சத்தை கூட்டும், கொக்கு இறகு ஒண்ணுகூட தெரியாம வெறும் வெள்ளை பேப்பரா போயிரும். அதனால எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா போடுற வெளிச்சத்தை நாம கூட்டிக் குறைக்கற செட்டிங்) மைனஸ் ஒண்ணுல வச்சிருங்க. வெள்ளை வானத்துக்கு எதிர்ல கருப்பு பறவைன்னா இதுக்கு தலைகீழ், பிளஸ்ல வைக்கணும். நான் வரப்புல குத்தவச்சு உக்காந்துட்டேன், டிராக்டர் திரும்பி வர்ற பாதை தெரியும்லா, வளைவுல வேகம் குறையும், அங்க கொக்கு எல்லாம் ஒண்ணா எந்திரிச்சு டயர் மேலயே பறக்கும். டிரைவர் அண்ணன் முகம் தெரிய வேண்டாம்னு டயர், சேறு, கொக்கு மட்டும் வர்ற மாதிரி வெட்டுனேன். அவரு பாத்துட்டு என் மூஞ்சிய எங்கலன்னு கேட்டாரு, அவருக்கு தனியா ஒண்ணு எடுத்து அனுப்பியாச்சு.

புதுசா வந்தவள்

எல்லாமே சூப்பர். நான் மொபைல்தான், ட்ரைபாடும் இல்ல. அந்த மின்னல் போன்ல எடுக்க முடியுமா? அப்புறம் தூக்கணாங்குருவி கூடு ஒண்ணு எங்க கிணத்து மேல தொங்குது, குஞ்சு சத்தம் கேட்குது, கிட்ட போய் எடுக்கலாமா?

மொட்டைமாடி (திருச்சி)

முடியும்ங்க. ஜன்னல் திண்டுல போனை சாய்ச்சு வச்சு 4கே வீடியோ ஓட விடுங்க, அப்புறம் மின்னல் வந்த ஃப்ரேமை மட்டும் ஸ்டில்லா எடுத்துக்கலாம், 8 மெகாபிக்சல் கிடைக்கும். சில ஃப்ரேம்ல பாதி வானம் வெளிச்சமா பாதி இருட்டா வெட்டின மாதிரி இருக்கும், சென்சார் வரி வரியா படிக்கறதால வர்றது அது, பக்கத்து ஃப்ரேமை பாருங்க. போன்ல ப்ரோ மோட் இருந்தா வீடியோவே வேண்டாம், ஐஎஸ்ஓ 100, 8 செகண்ட்ல இருந்து ஆரம்பிங்க.

தொளிவயல் (அம்பாசமுத்திரம்)

தங்கச்சி, கூட்டுக்கு கிட்ட போவாதீங்க. ஆளு நின்னா தாய் இரை கொண்டு வராம கம்பிலயே உக்காந்திருக்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். அலகுல இரையோட கூட்டுக்கு வராம சுத்தி சுத்தி கத்துச்சுன்னா நீங்க ரொம்ப பக்கத்துல நிக்கீங்கன்னு அர்த்தம். தள்ளி நின்னு கிணறு, மரம், தொங்குற கூடு எல்லாம் சேத்து எடுங்க, போனுக்கு அதுதான் நல்லாவும் வரும். ஃப்ளாஷ் போட்ராதீங்க.

மாடவீதி (சென்னை)

இத்தனை படம் வரும்னு நினைக்கல, நன்றி எல்லாருக்கும். ஒரு சந்தேகம், மழைல இவ்வளவு சுத்தறீங்களே, லென்ஸ்ல பூஞ்சை வராம எப்படி பார்த்துக்கறீங்க? அரிசி டப்பால போட்டு வைன்னு வீட்டுல சொல்றாங்க.

கொய்யா இலை (பொள்ளாச்சி)

அரிசி வேண்டாமுங்க, அதுல இருக்கற மாவு தூசி லென்ஸ் இடுக்குல போய் உக்காந்துக்கும். காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரப்பத மீட்டர், அவ்வளவுதான். 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும், ரொம்ப காய்ஞ்சாலும் ரப்பருக்கு ஆகாது. ஜெல் நிறம் மாறிடுச்சுன்னா வாணலில லேசான சூட்டுல வறுத்து மறுபடி போட்டுக்கலாம், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியா பாத்துக்குங்க. மழைல நனைஞ்ச பையோட கேமராவை அப்படியே மூடி வைக்கறதுதான் பூஞ்சைக்கு முக்கால்வாசி காரணம், வந்த உடனே எல்லாத்தையும் வெளிய எடுத்து ஃபேன் காத்துல வச்சுட்டு அப்புறம் டப்பாவுக்குள்ள வைங்க.

மாடவீதி (சென்னை)

வாணலி விஷயம் வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்ங்க. மத்தவங்க படம் போடுங்க, டிசம்பர் மழை இன்னும் பாக்கி இருக்கு.