வெறும் ) போட்டா சிரிப்பா?

மாலதி: ரஷ்யாக்காரங்க எழுதுறப்போ வரி முடிவுல வெறும் ) வருதே, திறக்காத அடைப்பை எதுக்கு மூடுறாங்க? டைப்பிங் தப்பா?

கதிர்: இல்ல சித்தி, அதுதான் அவங்க சிரிப்பு. :) முகத்துல : கண்ணு, ) வாய். ரஷ்யக் கீபோர்டுல : போட ஷிஃப்டும் 6-ம், ) போட ஷிஃப்டும் 0-வும். கண்ணுக்குன்னு தனியா எதுக்கு அமுக்கணும்னு விட்டுட்டாங்க. ஒரு ) வந்தா பேச்சு இதமா இருக்குன்னு மட்டும்தான். ))) வந்தா நல்ல சிரிப்பு. ((( வருத்தம்.

ரகு: மூலம் :-) தானேப்பா. 1982 செப்டம்பர் 19, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஸ்காட் ஃபால்மன் போட்டது. அதுல :-( சோகமே இல்ல, "இது ஜோக் இல்ல"ன்னு காட்டத்தான். சோகம் பின்னாடி ஒட்டிக்கிச்சு.

பிரியா: ஜப்பான் (^_^) தேவலாம், கழுத்தைச் சாய்க்க வேண்டாம்.

கதிர்: அது 1986. அதுல வாய் அந்த _ தான், பெரும்பாலும் அப்படியே கிடக்கும். மாறுறது கண்ணு. (;_;) அழுகை, (-_-) சலிப்பு. (^_^;) வந்தா கவனி, ஓரத்துல இருக்கிறது வேர்வைத் துளி. சங்கடச் சிரிப்பு. "பார்க்கலாம் (^_^;)"னு பதில் வந்தா காரியம் நடக்கும்னு நம்பி உக்காந்திருக்காதே.

பிரியா: 555?

கதிர்: யார் அனுப்பினது? தாய் மொழியில 5 'ஹா', அதனால ஹாஹாஹா. சீனத்துல 5 'வூ', அது விசும்பல்.

ரகு: சீனாக்காரங்களுக்கு அந்த லேசாச் சிரிக்கிற மஞ்ச முகத்தையும் அனுப்பாதீங்க. அங்க இளசுங்க அதைக் குத்தலா எடுத்துப்பாங்க.

மாலதி: சில ஆப்ல 1), 2)னு வரிசையா எழுதினா எட்டாவது வரியில கூலிங் கிளாஸ் முகம் வந்து நிக்குதேண்ணா!

ரகு: 8) அதுக்குக் கண்ணாடி போட்ட முகம்மா. 8. போடு, இல்ல 8-க்கும் )-க்கும் நடுவுல இடம் விடு. மாறின உடனே பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டினா பல ஆப்ல பழையபடி ஆயிடும்.

கதிர்: அடைப்புக்குள்ள சிரிப்பு வச்சாலும் இதே தொல்லை. :)) னு முடிஞ்சா எது வாய், எது அடைப்புன்னே தெரியாது. நடுவுல இடம் விட்டு :) ) னு எழுதுங்க. ஆனா முகத்துக்குள்ள இடம் விடாதீங்க, வரி மடியிறப்போ கண்ணு மேலயும் வாய் கீழயுமா பிரிஞ்சிடும்.

மாலதி: சரி, இனிமே எட்டுக்குப் புள்ளிதான் )

பிரியா: சித்தி, இது ரஷ்யச் சிரிப்பா, விட்டுப்போன அடைப்பா?

மாலதி: )))