சோமி மாதிரி ஆஃப்ரோ-ஜாஸ் பாடகிங்க எப்படி மேல வந்தாங்க? தங்கச்சிக்காக கேக்கறேன்

பெரம்பூர்அக்கா:
வணக்கம் மக்களே. தங்கச்சிக்கு 19 வயசு, எட்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டா. ஃப்ரெண்டு யாரோ, ஆப்பிரிக்க இசையையும் ஜாஸையும் கலந்து பாடற சோமினு ஒருத்தங்க பாட்டை அனுப்பிவிட, 29சி பஸ்ல காலேஜ் போற வழியெல்லாம் அதையே கேட்டுட்டு இப்ப "அக்கா நான் இதுதான் பாடப் போறேன்"ங்கறா. அம்மாக்கு பயம். எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா இதுல ஒருத்தங்க மேல வர எவ்ளோ நாளாகும்னு ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வினைல்பைத்தியம்:
அக்கா, சோமி கதையை அம்மாக்கு அப்படியே சொல்லுங்க. இல்லினாய்ஸ்ல பொறந்தவங்க, பெத்தவங்க உகாண்டா, ருவாண்டால இருந்து போனவங்க. காலேஜ்ல படிச்சது மானுடவியல். முதல் ஆல்பம் 2003, அடுத்து 2007, 2009னு மெதுவாதான் வந்துச்சு, 2009ல தென்னாப்பிரிக்க ட்ரம்பெட் மேதை ஹியூ மசெகேலாவே கூட வாசிச்சிருக்காரு, அப்பவும் பெரிய பேர்னு சொல்ல முடியாது. அப்புறம் நியூயார்க்கை விட்டுட்டு நைஜீரியால இருக்கற லாகோஸ்ல போய் ஒன்றரை வருஷம் இருந்தாங்க, அந்த ஊர் சத்தம், அங்க இருக்கற பொம்பளைங்க கதை எல்லாம் சேந்து 2014ல 'தி லாகோஸ் மியூசிக் சலோன்'னு ஆல்பமா வந்துச்சு. எனக்கு அதுலதான் அவங்க குரலே முழுசா திறந்த மாதிரி இருக்கும். 2017ல நியூயார்க் ஹார்லெம்ல குடியேறின ஆப்பிரிக்கக்காரங்களைப் பத்தி ஒண்ணு. 2020ல ஃபிராங்க்ஃபர்ட் ரேடியோ பிக் பேண்டுங்கற பெரிய ஜாஸ் குழுவோட ஒரு லைவ் ஆல்பம், அதுக்குத்தான் கிராமி விருதுல ஜாஸ் வோக்கல் (ஜாஸ் பாட்டு) நாமினேஷன், அந்தப் பிரிவுல அது கிடைச்ச முதல் ஆப்பிரிக்கப் பெண் இவங்கதான். 2003லேர்ந்து எண்ணுங்க, 17 வருஷம்!

தவில்வீடு:
அவளை முதல்ல தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவைக் கேக்கச் சொல்லும்மா. 1932ல பொறந்தவங்க, 1960ல அந்த ஊர் நிறவெறி அரசு பாஸ்போர்ட்டை ரத்து பண்ணிடுச்சு, பெத்த தாய் சாவுக்குக்கூட ஊருக்குப் போக முடியல, 1990லதான் தென்னாப்பிரிக்கா திரும்பினாங்க. கோசா மொழியில நாக்கை அண்ணத்துல தட்டித் தட்டிப் பாடறதைக் கேட்டா நம்ம கொன்னக்கோல் காதுக்கு உடனே பிடிச்சுக்கும். சோமி 2022ல போட்ட 'ஜென்சிலே' இவங்களுக்கான காணிக்கைதான், ஜென்சிலேங்கறது மகேபாவோட சொந்தப் பேரு.

எட்டு வருஷப் பாட்டு வீணாகாது. மூச்சு, ஸ்ருதி ரெண்டும் கையில இருக்கு. ஆனா ஒரு ஸ்வரத்தை ஆட்டாம அசைக்காம நிறுத்திப் பழகணும், கமகம் தானா வந்து ஒட்டிக்கும், அதை அடக்கறதுக்கே ஆறு மாசம் ஆகலாம். தாளத்துல கவலையில்ல, ஆப்பிரிக்கப் பாட்டுல மூணையும் நாலையும் ஒரே நேரத்துல போடறாங்க, நாம திஸ்ரமும் சதுஸ்ரமும் கத்துக்கிட்டுத்தானே வந்திருக்கோம்.

அடையாறுகுயில்:
நான் சென்னைலயே ஜாஸ் பாடறவ, காசு விஷயம் சொல்றேன். ஒரு ஹோட்டல் லாபில ரெண்டு வருஷம் பாடினேன், மாசக்கணக்குல பாக்கி வச்சாங்க, கடைசில சினிமாப் பாட்டு மட்டும் பாடுனு சொன்னப்ப விட்டுட்டேன். இப்ப ரிசப்ஷன் கச்சேரியும் வாய்ஸ் கிளாஸும்தான் சோறு போடுது, ஜாஸ் மாசத்துல ஒரு நாள் ரெண்டு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாம் ஓடறேன், அதுல எனக்கு வருத்தமே இல்ல. டிகிரியை முடிக்கச் சொல்லுங்க. வெஸ்டர்ன் வாய்ஸ் முறையா கத்துக்க ஏ.ஆர்.ரஹ்மானோட கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கு. ஜூன் 21 உலக இசை தினத்துக்கு பிரெஞ்சு கலாச்சார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ்ல நிகழ்ச்சி நடக்கும், கூட்டிட்டுப் போங்க, அங்க பேஸ், ட்ரம்ஸ் வாசிக்கற பசங்க பழக்கம் ஆவாங்க. தனியா ரூம்ல பாடிட்டே இருந்தா இந்தப் பாட்டு வராதுக்கா.

வினைல்பைத்தியம்:
இன்னொண்ணு, தமிழ்லயே பாடட்டும். பாடகி ஆஞ்சலிக் கிட்ஜோ 1983ல பெனின்லேர்ந்து பாரிஸ் போய் ஜாஸ் படிச்சும் தன் ஊர் ஃபான், யொருபா மொழிகளை விடல, இன்னிக்கு அஞ்சு கிராமி. பெரம்பூர்ல வளந்த பொண்ணு, ரயில் பெட்டி செய்யற கேரேஜ் ஒர்க்ஸ் சங்கு சத்தத்துல தொடங்கி ஒரு பாட்டு எழுதினா நான் முதல் ஆளா கேப்பேன்.

பெரம்பூர்அக்கா:
எல்லாருக்கும் நன்றி. அம்மாக்கு மகேபா பாட்டு போட்டுக் காட்டினேன், பாதில அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்து கேட்டாங்க. "அந்தம்மா தாய் முகத்தைக்கூட பாக்கலையா"னு ரெண்டு தடவை கேட்டாங்க. தங்கச்சி டிகிரி முடிக்கறேன்னு ஒத்துக்கிட்டா. குயில், உங்க கிளாஸ் எங்கனு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, சனிக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம்.