நாடித்துடிப்பு: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

மயிலாப்பூர் மகள்:
நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்த அப்பா, "நெஞ்சு லேசா படபடங்குதும்மா" என்றார். வாட்ச் நாடி நிமிஷத்துக்கு 78 என்று காட்டியது. சாதாரணமாக இருக்க வேண்டிய 60க்கும் 100க்கும் நடுவில்தானே என்று கிளம்பினோம். கூட வந்த எதிர்வீட்டு மாமி ரிட்டயர்டு நர்ஸ். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. "நம்பர விடு, நீயே தொட்டுப் பாரு" என்றார். வேகமாக இரண்டு, ஒரு இடைவெளி, மெலிதாக ஒன்று, மறுபடி படபடவென்று மூன்று. ஒழுங்கே இல்லை. இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் அங்கே ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்றார் டாக்டர். இப்போது அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த 78 இன்னும் என்னை உறுத்துகிறது.

பெசன்ட் நகர் ஓட்டக்காரன்:
எனக்கு நேர்மாறு. ரத்ததான முகாமில் நாடி 52 என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் என்னை நோயாளி மாதிரி பார்த்தார்கள். வருஷக்கணக்கில் ஓடுபவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் போகும், அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். 60க்குக் கீழே இருந்தாலே வியாதி என்று அர்த்தம் இல்லை.

வியாசர்பாடி அண்ணி:
தம்பி, அது உங்களுக்குச் சரி. ஓடாத ஒருவருக்கு 45, கூடவே தலைசுற்றல் என்றால் சும்மா விடக் கூடாது. பிபிக்கு அடெனோலால், மெட்டோபிரோலால் சாப்பிட்டாலும் துடிப்பு குறையும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு மறக்காதது மழைக்கால டெங்கு. தங்கச்சி பையனுக்கு ஜுரம் விட்டதும் வீடே நிம்மதியானது. ஜுரம் இறங்கினால் நாடியும் இறங்கணும். அவனுக்கு ஏறியது, கை கால் சில்லென்று இருந்தது. டெங்குவில் ஜுரம் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தான்.

எல்லாரும் நாடி பார்க்கப் பழகுங்கள். காலையில் காபிக்கு முன்னால், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு. கட்டைவிரலில் அதன் துடிப்பே தெரியும், அதனால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கான துடிப்புக்குத்தான். தாறுமாறாக இருந்தால் முழு நிமிஷம் எண்ணுங்கள், இசிஜியும் எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே எப்போதும் 100க்கு மேல் இருந்தால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் 108க்குப் போன் போடுங்கள்.